மூன்றாவது தளம் ஆடவில்லை

அலுவலகத்தில் அவருக்குக் குதிகால் என்று பெயர். முகத்துக்கு நேரே குதிகால் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் குதிகால். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் சரி, கூடத்தின் நடுவில் போய் நின்று, கால் விரல்களில் எம்பி, சட்டென்று இரண்டு குதிகாலையும் தரையில் போடுவார். போட்டுவிட்டு அசையாமல் நிற்பார். தரை எத்தனை முறை துள்ளி அடங்குகிறது என்று உள்ளங்காலால் எண்ணுவார். வங்கியில் செய்திருக்கிறார், துணிக்கடையில் செய்திருக்கிறார், துக்கம் விசாரிக்கப் போன மாடி வீட்டில்கூட ஒருமுறை செய்துவிட்டார். இறந்தவரின் மகன் அழுகையை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தானாம். மனைவி அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

கிறுக்கு இல்லை, தொழில். எஃகுத் தூண், எஃகு உத்தரம், அதற்கு மேல் மெல்லிசாகக் கான்கிரீட் தளம் என்று எழுப்பும் கட்டடங்களில் தளம் ஆடுமா, ஆடினால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் இருபத்தாறு வருடமாக அவர் வேலை. அப்படிப்பட்ட தளம் விழாது. யானையை ஏற்றினாலும் விழாது. ஆனால் ஆடும். மனுஷன் நொடிக்குச் சுமார் இரண்டு அடி எடுத்து வைக்கிறான். தளத்துக்கும் தனக்கென்று ஒரு துள்ளல் வேகம் உண்டு. இரண்டும் ஏதோ ஒரு கணக்கில் ஒத்துப்போய்விட்டால் ஒவ்வொரு அடியும் தளத்தை இன்னும் கொஞ்சம் ஊஞ்சலாட்டிவிடும். இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. நடந்து போகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

கணக்கெல்லாம் கணினியில்தான். உத்தரம் உத்தரமாகக் கட்டடத்தை மென்பொருளில் வரைந்து, எடையை ஏற்றிப் பொத்தானைத் தட்டினால், திரையில் தளம் மெல்ல வயிறு தள்ளி இறங்கும், ஏறும். ஓரமெல்லாம் நீலம், நடு வயிறு சிவப்பு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மென்பொருளுக்குத் தானாகக் கண்டுபிடிக்கத் தெரியாத எண் ஒன்று உண்டு. கிளம்பிய ஆட்டத்தை அந்த இடம் எவ்வளவு சீக்கிரம் அடக்கும் என்கிற எண். அதற்குத் தணிப்பு என்று பெயர். தரையிலிருந்து கூரை வரை தடுப்புச் சுவர்கள் இருந்தால் அவை ஆட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும், அப்போது நூற்றுக்கு ஐந்து என்று போடலாம். சுவரே இல்லாத வெறும் கூடம் என்றால் இரண்டரைக்கு மேல் போடுவது பொய். ஐந்து போட்ட இடத்தில் இரண்டரை போட்டால் வருகிற ஆட்டம் அப்படியே இரண்டு மடங்காகும். திரையில் ஓரமாக ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு இலக்கம். மற்ற ஆயிரம் கணக்கையும் கணினி போட்டுக்கொள்ளும், அந்த ஒரு கட்டத்தை மட்டும் மனசாட்சிக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். யார் மனசாட்சிக்கு என்று கேட்டால், குதிகால் சார் மாதிரி ஆட்களின் மனசாட்சிக்கு.

அவருக்கு ஒரு அக்கா. நான்கு வயது மூத்தவள். காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிற வேலை. ஒரு தேதி இடித்தாலும் விடமாட்டாள். வேலையில் எவ்வளவு கறாரோ வாயிலும் அவ்வளவு கறார். “பொய் சொல்றவன் மனுவுல எழுத்து அழகா இருக்கும்டா, உண்மையா அடிபட்டவன் கோணல்மாணலா எழுதியிருப்பான்” என்பாள். அந்த அலுவலகம் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு புதுக் கட்டடத்தின் மூன்றாவது தளத்துக்குக் குடிவந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்தின் தளங்களுக்கெல்லாம் கணக்குப் போட்டவர் நம் குதிகால்தான். அக்காவுக்குத் தலைகால் புரியாத பெருமை. பக்கத்து நாற்காலிக்காரி முதல் தண்ணீர் கேன் போட வருகிறவர் வரை எல்லாரிடமும், “இது என் தம்பி கணக்குப் போட்ட கட்டடம்” என்று சொல்லிவைத்திருந்தாள். அதனாலேயே, அங்கே தன்னைப் படுத்திய ஒரு தொல்லையைப் பற்றி முதல் மூன்று மாதம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டே சொன்னாள். “டேய், உன் கட்டடம் ஆடுதுடா.”

“என் கட்டடமா? எங்கயாவது பூகம்பம் வந்திருக்கும்.”

“கிண்டல் பண்ணாத. யாராவது அந்த நடைபாதைல நடந்தா என் நாற்காலி குலுங்குது. திரையில எழுத்து நடுங்குது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தலை சுத்தி வாந்தி வர்ற மாதிரி இருக்கு.”

“ரத்த அழுத்தம் பாத்தியாக்கா?” என்றார் அவர்.

ஊரிலிருக்கிற தரையெல்லாம் மிதித்துப் பார்த்த மனுஷன், கூடப் பிறந்தவள் சொன்ன தரையை மிதித்துப் பார்க்கப் போகவில்லை. இதை அவருக்காக நியாயப்படுத்த என்னால் முடியாது. தான் போட்ட கணக்கு தப்பாகாது என்கிற திமிர், வேறொன்றும் இல்லை.

அக்கா ரத்த அழுத்தம் பார்த்தாள். காது மருத்துவரைப் பார்த்தாள், கழுத்தைப் படம் எடுத்தாள், நரம்பு மருத்துவரிடமும் போனாள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருப்பதைப் போல ஒரு தொல்லை வேறு கிடையாது. அவள் கணவர், இவருக்கு மாமா, “வயசாகுதுல்ல, எல்லாப் பொம்பளைங்களுக்கும் வர்றதுதான்” என்று முடித்துவிட்டார். பக்கத்து நாற்காலிக்காரிகள் இரண்டு பேர் கழிவறையில் அவளிடம், “ஆமா, எங்களுக்கும் லேசா ஆடுற மாதிரிதான் இருக்கு” என்றார்கள். மேலாளர் கூப்பிட்டு நேரில் கேட்டபோது அதே இரண்டு பேர், “எங்களுக்கு ஒண்ணும் தெரியல சார்” என்று சாதித்துவிட்டார்கள். அக்கா விடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்தாள். மேலாளர் அதைக் கட்டட உரிமையாளருக்கு அனுப்பினார், உரிமையாளர் வடிவமைத்த நிறுவனத்துக்கு அனுப்பினார், நிறுவனம் அதைக் கணக்குப் போட்டவர் மேஜைக்கே அனுப்பியது. காகிதத்தைப் பிரித்தால் கீழே அக்காவின் கையெழுத்து.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவர் அதிர்வுமானியை எடுத்துக்கொண்டு மூன்றாவது தளத்துக்குப் போனார். அக்கா வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனாள். “இவன்தான் என் தம்பி” என்று வழியெல்லாம் அறிமுகம். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுவரே இல்லாத கூடம். பழைய கோப்பு அலமாரிகளைக்கூட அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், எல்லாம் கணினியில் ஏறிவிட்டதாம். அக்காவின் நாற்காலி நான்கு தூணுக்கும் நட்டநடுவில், நீளமான நடைபாதையை ஒட்டி இருந்தது. திரையில் சிவப்பாகக் காட்டுமே, அந்த வயிற்றின் மேல்.

அவர் எம்பிக் குதிகாலைப் போட்டார். நல்ல தளம் நாலைந்து துள்ளலில் அடங்கும். இது ஒன்பது வரை எண்ணவைத்தது. அதிர்வுமானியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஒரு தடித்த ஆள் கைப்பேசியில் பேசிக்கொண்டே நடைபாதையில் போனார். அக்காவின் திரை மெல்லத் தலையாட்டியது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த அவர் கையிலும் அது தெரிந்தது.

“தெரியுதாடா?” என்றாள் அக்கா. குரலில் ஒரு ஆசை.

“பாக்கணும்க்கா. கணக்குப் போட்டாத்தான் தெரியும்.”

தெரிந்துவிட்டது. உள்ளங்கால் சொன்ன பிறகு அவருக்குக் கணக்கே தேவையில்லை. இருந்தும் அந்த இடத்தில் ஆமாம் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அலுவலகத்துக்கு வந்து, கணினியில் அந்தக் கட்டடத்தின் பழைய மாதிரியைத் திறந்தார். தணிப்புக் கட்டத்தில் ஐந்து. ஆட்டம் புவியீர்ப்பில் நூற்றில் 0.42 பங்கு. அலுவலகத்துக்கு வரம்பு 0.5. அன்றைக்குச் சரிதான். ஐந்தை அழித்து இரண்டரை போட்டார். 0.84. அதிர்வுமானி பதிவுசெய்து கொண்டுவந்தது 0.83. இருபத்தாறு வருடத்தில் அவர் போட்ட எந்தக் கணக்கும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தியதில்லை.

எங்கே தப்பியது என்று தேட வேண்டியிருக்கவில்லை, அரை மணியில் கோப்பு கிடைத்தது. முதல் வரைபடத்தில் மூன்றாவது தளத்தில் பன்னிரண்டு அறைகள் இருந்தன. எல்லாம் கூரை வரை சுவர். அதைப் பார்த்துத்தான் ஐந்து போட்டார். தூண்கள் எழும்பிய பிறகு உரிமையாளர் மனசு மாறி, சுவரெல்லாம் வேண்டாம், திறந்த கூடமாக இருக்கட்டும் என்று திருத்திய வரைபடம் அனுப்பினார். அதற்கு இவர் எழுதிய பதில் ஒரே வரி: “சுவர்கள் நீக்கப்படுவதால் சுமை குறைகிறது. ஆட்சேபணை இல்லை.” கீழே கையெழுத்து. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வருகிற தப்பு இது. சுமை கூடினால் பத்து தடவை யோசிப்பார்கள், குறைந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். அந்தச் சுவர்கள் தளத்தைத் தாங்கவில்லை, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன என்பது அன்றைக்கு அவர் மண்டையில் உறைக்கவில்லை.

நிறுவனத்தை ஆரம்பித்தவரைப் பெரிய சார் என்பார்கள். குதிகால் சார் கோப்பையும் அளவீட்டையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார்.

“கட்டடம் விழுமா?” என்றார் பெரிய சார்.

“விழாது சார். அந்த பயமே வேண்டாம்.”

“அப்புறம் என்ன?”

“வரம்பைத் தாண்டி ஆடுது சார். அந்தம்மா சொல்றது உண்மை. சுவர் இருக்குன்னு நெனச்சு அஞ்சு போட்டிருக்கேன். சுவர் இல்ல.”

பெரிய சார் அந்த ஒரு வரிப் பதிலை வாங்கிப் படித்தார். “கையெழுத்து உங்களோடதா?”

“என்னோடதுதான் சார்.”

“இதே மாதிரி எத்தனை கட்டடத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பீங்க?”

குதிகால் சார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ஈயாடவில்லை. “எட்டு இருக்கும் சார்.”

“ஒண்ணு ஆடுதுன்னு நாமளே எழுதிக் கொடுத்தா எட்டையும் தோண்டுவாங்க. அதுக்கப்புறம் உங்க கையெழுத்தை இந்தத் தொழில்ல எவன் மதிப்பான்? அது சரி, யாரு அந்தம்மா?”

“எங்க அக்கா சார்.”

பெரிய சார் முகம் தெளிந்தது. “அட, முன்னாடியே சொல்லக் கூடாதா? வீட்டு விஷயம்தானே. நீங்க பேசினா கேப்பாங்க.”

மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. “முடிவு உங்களோடது” என்று கோப்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கைகழுவத் தெரிந்த மனுஷர்.

மூன்று நாள் அவர் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டினார். யார் உயிருக்கும் ஆபத்தில்லை, வெறும் அசௌகரியம்தான். நாற்காலியைத் தூணோரம் தள்ளிப் போடச் சொன்னால் முடிந்தது. அக்காவுக்கு வயதும் ஆகிறது. நான்காம் நாள் காலை உட்கார்ந்து இரண்டரையை அழித்துவிட்டு ஐந்து போட்டார். கணினி மறுபேச்சுப் பேசவில்லை. தளம் பழையபடி நல்ல பிள்ளையாகி 0.42 என்றது. அதிர்வுமானியின் பதிவை அவர் அறிக்கையில் சேர்க்கவே இல்லை. “மூன்றாவது தளத்தின் அதிர்வு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் உள்ளது. புகாருக்குக் கட்டட அமைப்பு காரணமல்ல” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் அவருக்குப் பின்னால் அதிகம் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் சண்டைக்குத் தயார் செய்துகொண்டார். அவள் கத்துவாள், இவர் தாங்க மாட்டார், உண்மையைக் கொட்டிவிடுவார், அப்புறம் நடப்பது நடக்கட்டும். தன் கோழைத்தனத்தை அக்காவின் வாய் வந்து காப்பாற்றும் என்று நம்பிப் போன ஆள் அவர்.

“கணக்குல என்னடா வந்துச்சு?” என்றாள், கதவைத் திறந்ததும்.

“ஒண்ணும் இல்லக்கா. வரம்புக்குள்ளதான் இருக்கு.”

“நல்லாப் பாத்தியா?”

“ரெண்டு தடவை போட்டுப் பாத்தேன்.”

அது மட்டும் பொய் இல்லை. உள்ளேயிருந்து மாமா, “நான் அப்பவே சொல்லல?” என்று குரல் கொடுத்தார். அக்கா கத்தவில்லை. எத்தனையோ பேரின் பொய்யைத் தேதி பார்த்துப் பிடித்தவள், இவர் முகத்தைப் பார்த்தும் பிடிக்கவில்லை.

“அப்ப எனக்குத்தான்” என்றாள். “நீயே போட்டுப் பாத்துட்டியே. அப்புறம் என்ன.”

மனநல மருத்துவரிடம் அவளாகவே போனாள். அறிக்கையின் நகலைக் கொண்டுபோய்க் காட்டி, “தரை ஆடலன்னு என் தம்பியே எழுதிக் கொடுத்துட்டான், ஆனா எனக்கு ஆடுது” என்றாளாம். மருத்துவர் மாத்திரை எழுதினார். மாத்திரை தூக்கம் தூக்கமாக வரவைத்தது. தரை ஆடுவதும் நிற்கவில்லை, அது மாத்திரைக்குக் கட்டுப்படுகிற ஆட்டமா என்ன! அரைத் தூக்கத்தில் ஒரு மனுவைத் தப்பாகப் பாஸ் செய்தாள், அடுத்த மாதம் இன்னொன்று. நாற்காலியை இடம் மாற்றச் சொல்லி இவர் மேலாளருக்குப் போன் செய்தபோது, “இன்ஜினியர் அறிக்கைல பிரச்சினை இல்லன்னு இருக்கே சார், எதுக்கு மாத்தணும்?” என்று அவர் கேட்டார். இவர் போனை வைத்துவிட்டார். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போதே, உடல்நலம் காரணமாகத் தானே விலகிக்கொள்வதாக அக்காவிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அவள் விலகிய நான்காவது மாதம் பெரிய சார் இவரைக் கூப்பிட்டார். மூன்றாவது தளத்தில் அதிகாரிகளுக்கு அறைகள் போடப் போகிறார்களாம், சுவர் எங்கே வரலாம் என்று நாமே வரைந்து கொடுத்துவிடுவது நல்லது என்றார். இவர் வரைந்து கொடுத்தார். நட்டநடுவில், நடைபாதையை ஒட்டி, கூரை வரை நான்கு சுவர். காரணம் என்ற இடத்தில் “தனிமை” என்று எழுதினார். வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. போய்க் குதிகாலைப் போட்டுப் பார்த்தார், தரை நாலு துள்ளலில் அடங்கிவிட்டது. அக்காவின் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு சுவர் நின்றது. மேலாளர் காபி கொடுத்து உபசரித்துச் சொன்னார், “அந்தம்மா போனதுக்கப்புறம் ஒரு புகார்கூட இல்ல சார்.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, “இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?” என்றாள். “அண்ணிகிட்ட போய்ச் சொல்லுங்க.” அதற்கும் இவருக்கு ஏழு மாதம் பிடித்தது.

மாதம் ஒருமுறை அக்காவை மருத்துவமனைக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். மாமாவுக்கு முட்டி வலி. மருத்துவமனைக்கு எதிரில் பெரிய சாலை. அதைக் கடக்க எஃகில் ஒரு நடைப்பாலம். ஒரு சாயங்கால நேரம், சோதனை முடித்துத் திரும்பும்போது, பாலத்தின் நடுவில் அக்கா நின்றுவிட்டாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். கூட்டம் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. பாலம் நன்றாகவே ஆடியது.

இனியும் உண்மையை விழுங்க அவரால் முடியவில்லை.

“அக்கா, ஆடுதுக்கா. இது நெஜமாவே ஆடுது. உன் ஆபீசும் ஆடுச்சு. ரெண்டரை போட வேண்டிய எடத்துல அஞ்சு போட்டேன். எனக்குத் தெரியும். அதிர்வுமானிலயும் வந்துச்சு, மறைச்சுட்டேன். உனக்கு ஒண்ணுமே இல்லக்கா. எல்லாம் நான் பண்ணினது.”

அக்கா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் கையை நீட்டி அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“எனக்காகச் சொல்ற.”

“சத்தியமாக்கா. சுவர் போட்டதும் நின்னுடுச்சு. நான்தான் வரைஞ்சு கொடுத்தேன்.”

“டாக்டர் சொல்லியிருக்காரு. வீட்ல இருக்கறவங்க மனசு கேக்காம ஆமா ஆமான்னு சொல்லுவாங்க, அதை மட்டும் நம்பிடாதீங்கன்னு.” கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த அந்த அறிக்கையின் நகலை எடுத்தாள். நைந்த மடிப்புகளில் ஒட்டுப் போட்டிருந்தாள். “ஒவ்வொரு தடவையும் இதைப் படிச்சுட்டுத்தான் மாத்திரை போட்டுக்கறேன். உன் கையெழுத்து பாரு. நீ கணக்குல தப்பு பண்ணமாட்டடா, எனக்குத் தெரியாதா?”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு அடிக்கும், “ஆடல, ஆடல” என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். எதிரில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கும்பலாக ஓடி வந்தார்கள். மொத்தப் பாலமும் துள்ளியது. அக்கா அவர் கையை நகம் பதிய இறுக்கிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

“ஆடல.”